புதுக் களஞ்சியமும் பழைய நிரல்களும்

பெருநிறுவனங்களின் அலுவலகங்களில் இந்நாளில் எங்கு நோக்கினும், "எங்கள் தரவுத்தளத்தை நினைவகத்துக்கு மாற்றிவிட்டோம், இனி எவ்வகைக் கணக்கும் கண்ணிமைப்பில் முடியும்" என்னும் பேச்சுக் கேட்கப்படுகின்றது. மாற்றிய சில திங்களுக்குள்ளாகவே, "இத்துணைப் பொருள் செலவிட்டும் மாத இறுதி அறிக்கை முன்போலவே மணிக்கணக்கில் ஓடுகின்றதே" என்னும் முறைப்பாடும் அவ்விடத்திலேயே எழுகின்றது. யந்திரத்தை விற்றவர் நிரலெழுதியவரைக் குறை கூறுவர். நிரலெழுதியவர் யந்திரத்தைக் குறை கூறுவர். இவ்வழக்கில் தீர்ப்பளிக்கும் தகுதி எமக்குண்டென்று யாம் சொல்லிக்கொள்ளவில்லை. எனினும் இதுபற்றி எமக்கொரு திடமான அபிப்பிராயம் உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். தரவுகளை வைக்கும் களஞ்சியம் மாறினால் அவற்றைக் கையாளும் நிரலும் மாறியே தீரவேண்டும். அம்மாற்றத்தில் முதலிடம் சரியான விடைக்கு உரியது. வேகம் அதற்கு அடுத்த இடத்திலேயே வரத்தக்கது. இம்முறையைத் தலைகீழாக்கும் வழக்கம் இன்று பரவிவருகின்றது. அதனை யாம் கண்டிக்கின்றோம்.

இப்பொருள் கல்லூரி மலருக்கு ஏற்றதோ என்று ஐயுறுவார் இருக்கலாம். நம் நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளைஞருள் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கம்பெனிகளின் பழைய நிரல்களைப் புதிய களஞ்சியத்துக்குப் பெயர்த்துக் கொடுக்கும் வேலையில் அமர்கின்றனர். கணக்கியல் ஒரு வகுப்பிலும் கணினியியல் மற்றொரு வகுப்பிலும் கற்பிக்கப்படுகின்றன. இவ்வேலையிலோ இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாத நாளில்லை. ஆதலின் இருவகுப்பாருக்கும் விளங்குமாறு எழுத முயல்கின்றோம்.

பொதுப்படக் கூறுவதினும் ஒரு மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்ளுதல் நலம். 1972-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியை விட்டு வெளியேறிய ஐவர் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்னும் நிறுவனம், கணக்கு, கொள்முதல், விற்பனை, சம்பளம், சரக்கிருப்பு ஆகியவற்றையெல்லாம் ஒரே மென்பொருட் குடும்பத்துக்குள் அடக்கிக் காட்டியது. 1992-இல் வெளிவந்த அதன் ஆர்-3 என்னும் பதிப்பு மூன்று அடுக்குகளை உடையது. ஊழியர் எதிரே இருக்கும் திரை ஓரடுக்கு; கணக்கிடும் நிரல்கள் ஓடும் வழங்கிக் கணினி இரண்டாம் அடுக்கு; தரவுத்தளம் மூன்றாம் அடுக்கு. நிரல்கள் அபாப் என்னும் மொழியில் எழுதப்பட்டன. அச்சொல்லின் ஜெர்மன் விரிவு பொதுவாக அறிக்கைகளை ஆக்கித்தரும் கருவி என்னும் பொருளுடையது. அறிக்கை அச்சிடுவதற்கென்று பிறந்த மொழி, பின்னர் முழு நிறுவனத்தின் பாரத்தையும் சுமக்கலாயிற்று.

இவ்வமைப்பில் வழங்கிக் கணினிகளை வேண்டுமளவு பெருக்கிக்கொள்ளலாம், தரவுத்தளமோ ஒன்றே. ஊர் முழுமைக்கும் ஒரே கிணறு இருந்தால், கிணற்றடியிலேயே நின்று துணி துவைப்பவனை ஊரார் பொறுக்கமாட்டார். குடத்தில் முகந்துகொண்டு வீட்டுக்குப் போ என்பார்கள். அதுபோலவே, தரவுத்தளத்தைக் கூடியவரை வருத்தாதே. வேண்டிய வரிகளை எடுத்துக்கொண்டுபோய் உன் வழங்கியில் வைத்துக் கூட்டு, கழி, வகைப்படுத்து என்பது அக்காலத்து நிரலருக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அக்காலத்துக்கு அது மிகச் சரியான பாடம். இன்று அதனை எள்ளி நகையாடும் இளைஞர், அதன் காரணத்தை அறியாமலே நகையாடுகின்றனர்.

காரணம் வட்டின் தாமதம். சுழலும் காந்த வட்டில் ஓரிடத்தைத் தேடிப்பிடிக்கச் சற்றேறக்குறைய 10 மில்லி வினாடி செல்லும். நினைவகத்தில் ஓரிடத்தைப் படிப்பதற்கு 100 நானோ வினாடி அளவே போதும். ஒன்று மற்றதைப்போல் ஓர் இலட்சம் மடங்கு. மேசைமேலிருக்கும் ஏட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு வினாடி ஆகுமெனில், அதே ஏடு வட்டில் இருந்தால் 27 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்க.

இத்தாமதத்துக்கு அஞ்சி மென்பொருளாளர் செய்த ஏற்பாடுகள் வியக்கத்தக்கன. பல்லாயிரம் பக்கமுள்ள பேரேட்டை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டிப்பார்க்க இயலாத கணக்குப்பிள்ளை, மாதந்தோறும் வந்த தொகையைத் தனியேட்டிற் குறித்துவைத்துக்கொள்வார். தீராத பாக்கிக்கு ஓர் ஏடும் தீர்ந்தவற்றுக்கு மற்றோர் ஏடும் கட்டிக்கொள்வார். எஸ்.ஏ.பி.யும் அவ்வாறே செய்தது. கணக்கின் ஒவ்வொரு வரியும் பி.எஸ்.இ.ஜி. என்னும் அட்டவணையில் இருந்தது. அதே வரி, சரக்களித்தவருக்குச் சேரவேண்டிய பாக்கியாயின் பி.எஸ்.ஐ.கே. என்னும் அட்டவணையிலும், பாக்கி தீர்ந்தபின் பி.எஸ்.ஏ.கே. என்னும் அட்டவணையிலும் மீண்டும் எழுதப்பட்டது. வாடிக்கையாளர் கணக்குக்கு அவ்வாறே இரண்டு. பொதுப் பேரேட்டுக் கணக்குக்கு இரண்டு. மாதத் தொகைகளுக்கு வேறு சில. ஒரு விலைப்பட்டியலைப் பதிவதற்கு இப்படிப் பல ஏடுகளைத் தொடவேண்டியிருந்தது. ஓரேட்டில் எழுதி மற்றோரேட்டில் தவறினால் கணக்கு ஒவ்வாது. ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒப்புநோக்கும் நிரல்கள் வேறு எழுதப்பட்டன. இவற்றுள் ஒன்றேனும் வணிகத்துக்கு வேண்டியதில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக. தன் பாக்கியை இரண்டிடத்தில் எழுதிவைக்க எந்த வணிகரும் விரும்பினாரல்லர். வட்டு மெதுவாகச் சுழன்றமையால் கணக்கே இரட்டித்தது. கணக்கியல் மாணவர் இவ்வட்டவணைகளின் பெயர்களை ஏதோ கணக்குச் சாஸ்திரத்தின் கூறுகளென்று மனப்பாடம் செய்வதாகக் கேள்வி. பாவம், அவர்கள் மனப்பாடம் செய்தது வட்டின் பலவீனத்தை.

நினைவகத்தின் விலை ஆண்டுக்காண்டு இறங்கிற்று. 2005-இல் எஸ்.ஏ.பி., கொரிய நாட்டவர் தோற்றுவித்த ட்ரான்சாக்ட் இன் மெமரி என்னும் சிறு கம்பெனியை வாங்கியது. ஐவருள் ஒருவரான ஹாசோ பிளாட்னர், பாட்ஸ்டாம் நகரில் தம் பெயரால் 1998-இல் நிறுவிய ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவரோடு இவ்விஷயத்தை ஆராய்ந்து, அன்றாடப் பதிவுக்கும் ஆண்டிறுதி ஆய்வுக்கும் நினைவகத்திலுள்ள ஒரே பத்திமுறைத் தரவுத்தளம் போதும் என்னும் கருத்தை 2009-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 2010-இல் அறிவிக்கப்பட்டு 2011-இல் பொதுவிற்பனைக்கு வந்த ஹானா என்பது அக்கருத்தின் உருவம். பிற கம்பெனிகளும் வாளாவிருக்கவில்லை. ஆரக்கிளும் மைக்ரோசாஃப்டும் 2014-இல் தத்தம் தரவுத்தளங்களில் நினைவக ஏற்பாடுகளைச் சேர்த்தன. ஆயினும் தன் மென்பொருள் முழுமையையும் புதிய களஞ்சியத்தின்மேல் மாற்றியமைத்த துணிவு எஸ்.ஏ.பி.க்கே உரியது, ஆகவே அதன் வாடிக்கையாளருக்கே இத்தொல்லையும் மிகுதி.

பத்திமுறை என்றோம். பேரேட்டின் ஒரு வரியைக் குறுக்கே படித்தால் தேதி, கணக்கெண், நாணயம், தொகை என்று செல்லும். பழைய தரவுத்தளம் இவ்வரியை முழுமையாக ஓரிடத்தில் வைக்கும். புதியதோ மேலிருந்து கீழாக ஓடும் பத்தி ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டிவைக்கும். தொகையை மட்டும் கூட்டவேண்டியவர்க்குத் தொகைப் பத்தி ஒன்றே போதும், மற்றவை உறங்கலாம். அன்றியும், ஒரே பத்தியில் ஒரே வகைச் சொல் திரும்பத் திரும்ப வருதலால் அதனைச் சுருக்குதல் எளிது. ஒரு கோடி வரிகளில் நாணயத்தின் பெயரை மூன்றெழுத்தாக எழுதினால் மூன்று கோடி பைட்டு செல்லும். வழங்கும் நாணயங்கள் 30 மட்டுமே எனின், அவற்றுக்கு ஓர் அகராதி எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் 5 பிட்டு அளவான எண்ணை மட்டும் குறித்தால் ஐந்து கோடி பிட்டு, அதாவது 62.5 இலட்சம் பைட்டில் முடிந்துவிடும். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகுமே என்று அஞ்சவேண்டா. ஒவ்வொரு பதிவும் உறுதியாகும்போதே நிலையான சேமிப்பிலுள்ள குறிப்பேட்டில் எழுதப்படும். அதுவன்றி, இயல்பான அமைப்பில் ஐந்து நிமிஷத்துக்கொருமுறை நினைவகத்தின் மாறிய பகுதிகளும் அங்குச் சேர்க்கப்படும்.

நிற்க. களஞ்சியம் இத்துணை வேகமுடையதாயின் பழைய நிரல் ஏன் விரைந்து ஓடவில்லை? 1967-இல் ஜீன் ஆம்டால் என்பார் எடுத்துக்காட்டிய கணக்கு இங்கே துணைபுரியும். ஒரு நிரல் 100 நிமிஷம் ஓடுகின்றதென்று கொள்வோம். அதில் தரவுத்தளத்திற் கழிவது 40 நிமிஷம். மற்ற 60 நிமிஷம், எடுத்துவந்த வரிகளை வழங்கியில் வைத்து நிரல் செய்யும் சொந்த வேலை. தரவுத்தளத்தின் வேகம் அளவிறந்து பெருகி அந்த 40 நிமிஷமும் முற்றிலும் மறைந்துபோயினும், 60 நிமிஷம் அசையாது நிற்கும். நூறு மடங்கு வேகத்துக்கு விலை கொடுத்தவர்க்குக் கையிற் கிடைப்பது ஒன்றேமுக்கால் மடங்குக்கும் குறைவே. இது யந்திரத்தின் குற்றமும் அன்று, விற்றவரின் பொய்யும் அன்று. வாங்குமுன் இச்சிறு கணக்கைப் போட்டுப் பாராதவரின் குறை.

அந்த 60 நிமிஷம் எங்கே போகின்றது என்று உள்ளே புகுந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே காட்சியைக் காணலாம். சரக்களிப்போர் பட்டியலை நிரல் எடுத்துக்கொள்ளும். பின்னர்ச் சுழற்சி ஒன்றைத் தொடங்கி, முதல்வர்க்குப் பாக்கி எவ்வளவு என்று தரவுத்தளத்தைக் கேட்கும், விடை வந்தபின் இரண்டாமவர்க்கு எவ்வளவு என்று கேட்கும், இப்படியே இறுதிவரை. சரக்களிப்போர் 50,000 பேர், ஒரு கேள்வி போய் வருவதற்கு 1 மில்லி வினாடி என்று வைத்துக்கொண்டால், தரவுத்தளம் சிறிதும் நேரமெடுக்காமல் விடையளித்தாலும் வழியிலேயே 50 வினாடி கழிந்துவிடும். ஒவ்வொருவர்க்கும் உள்ளே மேலும் இருபது கேள்விகள் இருப்பின் ஆயிரம் வினாடியாகும். சந்தைக்குச் சென்று ஒரு மிளகாய் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மீண்டும் சென்று அடுத்த மிளகாயை வாங்கிவருபவருக்கு வேகமான வண்டி வாங்கிக் கொடுத்ததை ஒக்கும் இது. சரக்களிப்போர் அட்டவணையையும் பாக்கி அட்டவணையையும் இணைத்து, ஒவ்வொருவர்க்கும் கூட்டுத்தொகை மட்டும் தருக என்று ஒரே வினவலாகக் கேட்டிருந்தால், இலட்சக்கணக்கான வரிகள் கம்பியின் வழியே பயணம் செய்யாமல் ஆளுக்கொரு வரி மட்டுமே வந்திருக்கும். 1970-இல் எட்கர் காட் தரவுத்தளத்துக்கு வகுத்த நெறியே, வரிகளைத் தொகுதியாகக் கொண்டு இன்னது வேண்டும் என்று கேட்பதுதான். நிரலர் பலர் இன்றும் பழைய நாடாக் கோப்பைப் படிப்பதுபோல் ஒவ்வொரு வரியாகவே படித்துக்கொண்டிருக்கின்றனர். இவ்வொரு பழக்கத்தைத் திருத்தினாலே, வேகத்தின்பொருட்டுச் செய்யவேண்டியவற்றுட் பெரும்பகுதி முடிந்தது என்பது எம் துணிபு.

வேறு சிறு குற்றங்களும் உள. மூன்று பத்தி வேண்டியவிடத்து எல்லாப் பத்தியையும் கேட்டல் அவற்றுள் ஒன்று. பி.எஸ்.இ.ஜி. அட்டவணையில் 300-க்கு மேற்பட்ட பத்திகள் உண்டு. வரிமுறைக் களஞ்சியத்தில் அவை ஒருங்கே கிடந்தமையால் எடுப்பது எளிது. பத்திமுறையிலோ ஒவ்வொன்றையும் வெவ்வேறிடத்திலிருந்து பொறுக்கி வரியாகக் கோக்கவேண்டும். முன்னாளில் மன்னிக்கத்தக்க சோம்பல் இந்நாளில் செலவாகிவிட்டது. மற்றொன்று, அபாப் மொழியின் ஒரு விநோதம். பட்டியலொன்றைக் கொடுத்து, இதிலுள்ள ஒவ்வொருவர்க்கும் உரிய வரிகளைத் தருக என்று கேட்கும் தொடரொன்று அம்மொழியில் உண்டு. ஃபார் ஆல் என்ட்ரீஸ் என்பர். கொடுத்த பட்டியல் வெறுமையாயின், ஒருவர்க்கும் வேண்டா என்று அது பொருள்கொள்வதில்லை. நிபந்தனைகளையெல்லாம் கைவிட்டு அட்டவணை முழுமையையும் கொணர்ந்து கொட்டும்! இதனை வகுத்தவர் எக்காரணம்பற்றி வகுத்தாரோ, யாம் ஆராயப் புகவில்லை. பட்டியல் வெறுமையா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நிரலரின் கடமை. களஞ்சியம் எதுவாயினும் இக்கடமை நீங்காது.

இனி, யாம் முதன்மையென்று கருதும் விஷயத்துக்கு வருவோம். இதுவரை கூறியவை தாமதத்தைப் பற்றியன. தாமதமாகிய விடையாவது விடை. தவறான விடையைப் பற்றிப் பேசுவார் அரியர்.

தரவுத்தள மொழியின் விதி மிகத் தெளிவானது. இன்ன வரிசையில் தருக என்று கேளாதவனுக்கு எவ்வரிசையிலும் வரிகள் வரலாம். ஆயினும் பழைய களஞ்சியத்தில் அவை பெரும்பாலும் ஒழுங்காகவே வந்தன. பி.எஸ்.இ.ஜி. அட்டவணையின் வரிகள் முன்னாளில் தனித்தனியே வைக்கப்படாமல், ஓர் ஆவணத்துக்குரியவை ஒரு கட்டாகப் பொதியப்பட்டிருந்தன. அவ்வகை அட்டவணைகளைப் படிக்குங்கால் முதன்மைச் சாவியின் வரிசையிலேயே வரிகள் கிடைத்தன. மற்ற அட்டவணைகளும் தேடலுக்குதவிய சுட்டியின் வரிசையில் வந்துகொண்டிருந்தன. நிரலர் கேளாமலே வரிசை கிடைத்தது. கிடைத்ததை உரிமையென்று நம்பி, அதன்மேல் இருபது ஆண்டு நிரலெழுதினர். ஹானாவில் அக்கட்டுகள் அவிழ்க்கப்பட்டுச் சாதாரண அட்டவணைகளாயின. பத்திகளைப் பல செயலிகள் ஒரே காலத்தில் பகிர்ந்துகொண்டு தேடுதலின், எது முன்னே அகப்படுகின்றதோ அது முன்னே வரலாம்.

இதனால் விளையும் கேட்டை இரண்டு உதாரணங்களால் விளக்குவோம். அகராதியிற் சொல்லொன்றைத் தேடுவோர் நடுப்பக்கத்தைப் பிரித்து, தேடும் சொல் முன்னதா பின்னதா என்று கண்டு, பாதியைத் தள்ளிவிட்டு மற்றப் பாதியில் தேடுவர். நிரல்களும் இவ்வாறே தேடுவதுண்டு. இருமத் தேடல் என்பது அதன் பெயர். அகரவரிசையில்லாத அகராதியில் இப்படித் தேடினால், உள்ள சொல்லும் இல்லையென்றே தோன்றும். பணம் கொடாமல் நிறுத்திவைக்கவேண்டியோர் பட்டியலொன்றை நிரல் எடுத்துவருகின்றது என்று கொள்வோம். பட்டியல் வரிசையாக வந்தவரை, ஒவ்வொரு பெயரும் அதிற் சரியாக அகப்பட்டது. வரிசை குலைந்த நாளில், பட்டியலில் இருப்பவரே இல்லையென்று விடை வருகின்றது. நிறுத்தவேண்டிய பணம் போய்விடுகின்றது. இரண்டாவது, இரட்டித்த வரிகளை நீக்கும் கட்டளை. அபாபில் அக்கட்டளை அடுத்தடுத்துள்ள வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஒரே ஆவணத்தின் இரண்டு வரிகள் வரிசை குலைந்து தொலைவில் நின்றால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும். தொகை இருமுறை கூட்டப்படும்.

இவ்விரண்டிலும் நிரல் நின்றுபோவதில்லை; எச்சரிக்கை எழுத்தும் திரையில் தோன்றுவதில்லை. அறிக்கை அழகாக அச்சாகி, முன்னினும் விரைவாக மேலதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேரும். சோதனைக் கணினியிலோ சிலநூறு வரிகளே இருக்கும். அவை தற்செயலாக வரிசையாகவே வந்து, எல்லாம் நலமென்று பரீட்சித்தவரை நம்பச் செய்தலும் கூடும். பல கோடி வரிகளுள்ள மெய்யான கணக்கில் மட்டும் வெளிப்படும் பிழையைக் கண்டுபிடிப்பவர் யார்? வரவேண்டிய பணம் வாராமையால் கடிதமேல் கடிதம் எழுதும் சிறு வியாபாரியே. அக்கடிதத்துக்கு மறுமொழி கூறமாட்டாது திகைப்பவர், நிரலைக் கண்ணாலும் கண்டிராத குமாஸ்தா. வேகத்தின் புகழ் ஒருவர்க்கும் பிழையின் பழி மற்றொருவர்க்கும் போவதை நியாயமென்று எவரும் கூறார்.

இத்தகைய இடங்களைக் காட்டிக்கொடுக்கும் ஆய்வுக் கருவிகளை எஸ்.ஏ.பி.யே அளித்துள்ளதே, அவற்றை ஓட்டினால் போதாதோ எனின், ஓட்டத்தான் வேண்டும். ஓட்டாமல் இடம்பெயர்ப்பது பெருங்குற்றம். வரிசைப்படுத்தாமல் படித்துவிட்டு இருமத் தேடல் செய்யும் இடங்களை அவை சுட்டிக்காட்டும். முதன்மைச் சாவிப்படி வரிசைப்படுத்துக என்னும் தொடரைத் தாமே சேர்த்துக்கொடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் முதன்மைச் சாவியின் வரிசையே நிரலர் கருதிய வரிசையென்று கருவி எங்ஙனம் அறியும்? தேதிவரிசையை நம்பி எழுதிய நிரலுக்கு ஆவண எண்ணின் வரிசை உதவாது. அட்டவணையின் பெயரையே ஓடும்போது கூட்டிச் சேர்த்துக் கேட்கும் நிரல்களில், கருவிக்குப் பெயரே தெரியாது. கருவி காட்டிய ஆயிரம் இடங்களிலும் பொத்தானை அழுத்தி, ஆயிரமும் திருத்தப்பட்டன என்று எழுதியனுப்புதல் வேலை செய்ததாகாது.

மற்றொரு பக்கத்துக்கு மிகையும் உண்டு. கணக்கிடும் வேலையைத் தரவுகள் இருக்குமிடத்துக்கே தள்ளுக என்பது புதிய போதனை. கிணற்றடியிலேயே துவைத்துக்கொள்ளலாம் என்று இப்போது அனுமதி கிடைத்துவிட்டது. கூட்டல், வடித்தல், இணைத்தல், நாணய மாற்று முதலியவற்றைத் தள்ளுதல் மிகவும் நன்று. சிலர் இதனோடு நில்லாமல், தள்ளுபடி விதி, வரி விதி, யார் கையொப்பமிடவேண்டும் என்னும் விதி ஆகிய எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்குள்ளேயே அதன் சொந்த மொழியில் எழுதுகின்றனர். அம்மொழி பிற தரவுத்தளங்களுக்குப் புரியாது. அதில் எழுதியதைப் பிழைபார்ப்பதும் கடினம். பெருநினைவகமுள்ள யந்திரம் மலிவன்று. அது இன்றும் எல்லார்க்கும் பொதுவான ஒன்றே. ஒருவரின் நீண்ட கணக்கு மற்றவரின் சிறு பதிவைக் காக்கவைக்கும். ஆகவே, தரவுத்தளம் எதுவாயினும் பொருந்தும் பொதுவினவலால் முடிவதை அதனாலேயே முடித்து, அது போதாதவிடத்துப் பொதுவில் வரையறுத்த வியூக்களை நாடி, அவையும் போதாத அருமையான இடத்தில் மட்டும் உள்மொழியில் எழுதுவது தக்கது. எஸ்.ஏ.பி.யின் அறிவுரையும் இவ்வரிசையை ஒட்டியதே. வியூவின்மேல் வியூ, அதன்மேல் வியூ என்று பத்தடுக்கு எழுப்பி, அடியில் நிகழ்வது யாதென எழுதியவரே அறியாத கட்டடங்களும் எழும்பிவருகின்றன. அவற்றைப் பழைய சுழற்சி நிரலினும் உயர்ந்தனவாக மதிக்க யாம் ஒருப்படோம்.

களஞ்சியத்தின் மெய்யான பயனை அறியவேண்டுமாயின், முன்னர்க் கூறிய இரட்டைக் கணக்குக்கு நேர்ந்ததைப் பார்க்கவேண்டும். 2014-இல் வந்த எளிய நிதிப் பதிப்பில் பி.எஸ்.ஐ.கே., பி.எஸ்.ஏ.கே. முதலிய துணையேடுகளும் தொகையேடுகளும் நீக்கப்பட்டன. 2015-இல் எஸ்-4 ஹானா வந்தபோது, நிதிக்கணக்கும் செலவுக்கணக்கும் ஏ.சி.டி.ஓ.சி.ஏ. என்னும் ஒரே பொதுக் குறிப்பேட்டில் ஒன்றுசேர்ந்தன. மாதத் தொகை வேண்டின், கேட்டபோது கூட்டிக்கொள்ளலாம், எழுதிவைக்கத் தேவையில்லை. இரண்டு ஏடுகள் இல்லாதவிடத்து அவை தம்முள் ஒவ்வாமலிருக்கவும் வழியில்லை. ஒப்புநோக்கும் நிரல்கள் பல வேலையிழந்தன. நினைவகத் தரவுத்தளத்தின் சிறந்த வெற்றி இதுவே என்பது எம் கருத்து. வினாடிகளைக் குறைத்ததைவிட ஏடுகளைக் குறைத்தது பெரிது. பழைய பெயரில் கேட்கும் நிரல்கள் தவித்துப்போகாதபடி, அப்பெயர்களிலேயே வியூக்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவை வரிகளைத் தம்மிடம் வைத்திராமல், கேட்கும்போது எடுத்துக்காட்டும். படிக்கும் நிரல்கள் இதனாற் பிழைத்தன. அவ்வேடுகளில் நேரே எழுதத் துணிந்திருந்த கைந்நிரல்களோ ஒரு நாளில் செத்தன; அவற்றுக்கு இரங்குவதற்கில்லை.

ஆகவே ஒரு கம்பெனி தன் சொந்த நிரல்களை எடுத்துக்கொண்டு புறப்படுமுன் செய்யத்தக்கது, எவை மெய்யாகவே ஓடுகின்றன என்று பார்ப்பது. எந்த வினவல் எத்தனை முறை ஓடிற்று, எவ்வளவு நேரமெடுத்தது என்பதை மெய்யான பயன்பாட்டிலேயே குறித்துவைக்கும் கண்காணிப்புக் கருவி உண்டு. ஆண்டிறுதி வேலைகளும் அகப்படும்படி நெடுநாள் அதனை ஓடவிட்டு, ஓடாதவற்றை நீக்கிவிடுதல் நலம். பதினைந்தாண்டுக்கு முன் மாறிப்போன அதிகாரி ஒருவர் ஒருமுறை கேட்டதற்காக எழுதப்பட்ட அறிக்கையைத் திருத்திப் பளபளப்பாக்குவதில் யாருக்கும் பயனில்லை. எஞ்சியவற்றுள் வரிசையை நம்பியவற்றை முதலிற் சரிசெய்து, அதன்பின் அதிகமாக ஓடிச் செலவு வைக்கும் சிலவற்றை மட்டும் விரைவுபடுத்துவது போதும். திங்களுக்கொருமுறை இரவில் நாலு நிமிஷம் ஓடும் நிரலை நாலு வினாடிக்குக் குறைத்ததாகப் பெருமை பேசுவோரிடம், அந்த இரவில் யார் காத்திருந்தார் என்று கேட்கவேண்டும்.

எஸ்.ஏ.பி.யின் பழைய ஈ.சி.சி. மென்பொருளுக்கு அந்நிறுவனம் வகுத்துள்ள சாதாரணப் பராமரிப்புக் காலத்தின் எல்லை 2027-ஆம் ஆண்டின் இறுதி. கூடுதல் கட்டணம் செலுத்துவோர்க்கு 2030 வரை நீட்டிப்பு. இத்தேதி காரணமாக ஒப்பந்தங்கள் அவசரத்தில் எழுதப்படுகின்றன. நாளொன்றுக்கு இத்தனை நிரல் பெயர்க்கப்படவேண்டும் என்னும் கணக்கு அவற்றில் இருக்கும். விடை ஒத்திருக்கவேண்டும் என்னும் நிபந்தனை ஒரு மூலையில் ஒரு வரியாக இருக்கும். மெய்யான ஒரு மாத இறுதியின் தரவுகளைப் பழைய களஞ்சியத்திலும் புதியதிலும் ஒருங்கே ஓட்டி, பாக்கிப் பட்டியலையும் பணம் செலுத்தும் பட்டியலையும் பைசாவரை ஒப்பிட்ட பின்னரே நிரல் பெயர்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில் எழுதச்செய்தல் வேண்டும். அவ்வாறு ஒப்பிடுங்கால் விடைகள் வேறுபட்டால், புதியதே தவறு என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. தற்செயலான வரிசையை நம்பிய நிரல், பழைய களஞ்சியத்திலேயே பல ஆண்டுகளாக எப்போதாவது ஒருமுறை பிழைசெய்து வந்திருக்கலாம். எது சரியென்று சொல்ல நிரல் மட்டும் அறிந்தவரால் இயலாது. அந்த நாட்களில் அவர் பக்கத்தில் அக்கம்பெனியின் கணக்கறிந்த மூத்த ஊழியர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். அவருடைய நேரத்துக்கு மதிப்பீட்டுத் தாளில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றதா என்பதை, இவ்வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வாராக.